பால் குடுக்க உக்காந்தாலே பெரியவன் பாப்பாவ அடிக்கிறான்

சிஸ், ரெண்டரை வயசுப் பையன் நீங்க பால் குடுக்க உக்காந்தாலே ஓடிவந்து 2 மாசப் பாப்பாவ அடிக்கிறான்னு எழுதியிருந்தீங்க, படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு, என் பெரியவளும் இதே வயசுல இதேதான் பண்ணா. அவன் கெட்ட பையன் இல்லப்பா, அம்மா மடி போயிடுச்சேன்னு பயம். நான் ஒரு பழைய பிஸ்கட் டின்ல துணி கிளிப், டப்பா மூடியெல்லாம் போட்டு வச்சு பால் குடுக்கிற நேரம் மட்டும் எடுத்துக் குடுப்பேன், அவ கிளிப்ப எல்லாம் என் நைட்டி ஓரத்துல வரிசையா மாட்டிக்கிட்டு என் மேலயே சாஞ்சிருப்பா, அதுக்குள்ள பாப்பா குடிச்சு முடிச்சிடும். அப்புறம் "இரு பாப்பா, அண்ணனுக்கு சோறு ஊட்டிட்டு வரேன்"னு அவன் காதுல விழற மாதிரி சொல்லுங்க, முகமே மாறிடும். ரெண்டு பேரையும் தனியா மட்டும் விடாதீங்க, பாத்ரூம் போனாக்கூட பாப்பாவ தூக்கிட்டுப் போயிடுங்க.