நடந்தும் எடை குறையவில்லையே?

கேள்வி: என் மகன் தர்மபுரியில் விடுதியில் தங்கி முதுகலை படிக்கிறான். உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ. ஆறு மாதமாகத் தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் மைதானத்தில் நடக்கிறான். ஒரு கிலோகூடக் குறையவில்லை. நடையை விட்டுவிட்டு ராகிக்களிக்கு மாறச் சொல்லட்டுமா? ஜிம்மில் விற்கும் புரதப் பொடி வாங்கித் தரலாமா?
- ஒரு தாய், பாலக்கோடு

பதில்: நடை என்ன பாவம் செய்தது, அதை நிறுத்த? கணக்குப் போட்டுப் பாருங்கள். 74 கிலோ ஆள் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் அரைமணி நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் அளவைக் கழித்தபின் நிற்பது சுமார் 90 கலோரி. முடித்துவிட்டு அரை லிட்டர் கோலா குடித்தால் அதில் சர்க்கரை மட்டும் 50 கிராம், அதாவது 200 கலோரி. ராத்திரி பத்து மணிப் பரோட்டாவை நான் சேர்க்கவே இல்லை.

அந்த 5 கி.மீ. வேகமாவது இருக்கிறதா? 400 மீட்டர் சுற்றை ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அரைமணியில் ஆறு சுற்று வரவில்லையென்றால் அது உலாத்தல். நடக்கும்போது பேச முடியலாம், பாட முடியக் கூடாது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போகிறவனுக்கு இரண்டும் முடியும்!

உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. உங்கள் மகன் 210 நிமிடம் நடக்கிறான், சரி. ஆனால் கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களே, அது எங்கே? விடுதி அறையே போதும். தோப்புக்கரணம் பத்து, தண்டால் பத்து. ஒரு நிமிடம் ஓய்வு. இப்படி மூன்று முறை. தோப்புக்கரணத்தில் குதிகால் தரையை விட்டு எழும்பினால் பாரம் முட்டிக்குப் போகும். தண்டாலில் பலர் இடுப்பைத் தொங்க விடுகிறார்கள், பிறகு முதுகு வலிக்கிறது என்கிறார்கள். பத்து வரவில்லையா, முட்டியை ஊன்றிச் செய்யட்டும்.

எடையை வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் பார்க்கட்டும். தண்ணீர், உப்பு, சாப்பாட்டால் ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும். உயரத்துக்கு எடை பார்த்தால் அவனுடைய உடல் நிறை குறியீடு 26. இந்தியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தொட்டால் பருமன். இடுப்பையும் அளக்கச் சொல்லுங்கள்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல். ஆண்களுக்கு 90 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. தராசு அசையாவிட்டாலும் நடையால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்கும்.

களியா? நம் மாவட்டத்தில் களி தின்றால் இளைக்கும் என்பது பழைய நம்பிக்கை. 100 கிராம் ராகி மாவில் சுமார் 320 கலோரி, அரிசியில் 350. வித்தியாசம் அவ்வளவுதான். நார்ச்சத்தும் கால்சியமும் அதிகம் என்பதால் தாராளமாகத் தின்னலாம், ஆனால் ஒரு உருண்டையோடு எழுந்துவிட வேண்டும்.

பொடி வேண்டாம். இரண்டு அவித்த முட்டையில் 12 கிராம் புரதம் இருக்கிறது, விலையும் உங்களுக்கே தெரியும்.