கொழும்பில் சின்னப் பல்கலைக்கழகம்: தங்கை தனித்துப்போவாளா?

மட்டக்களப்பில் தமிழ்மொழியில் உயர்தரம் படித்த தங்கைக்குக் கொழும்பில் ஒரு சிறிய பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது, அங்கே தனித்துப்போவாளா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் சில மாதம் கஷ்டம்தான். விரிவுரை ஆங்கிலத்தில், கன்ரீன் பேச்சு சிங்களத்தில். ஆனால் சின்ன கெம்பஸில் விரிவுரையாளர்களுக்கு அவள் முகம் சீக்கிரமே பழகிவிடும். விளங்காததை அவர்களின் அறைக்கே போய்க் கேட்கலாம். அவர்கள் தங்கள் ஆய்வுக்கு உதவியாளர் தேடும்போதும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும். சிங்களத் தோழிகளோடு சேர்ந்து படிக்கச் சொல்லுங்கள். அவள் கணக்கை விளங்கப்படுத்தட்டும், அவர்கள் சிங்களம் சொல்லிக்கொடுக்கட்டும். நான் அப்படித்தான் மொழி பழகினேன். அந்த நட்பு இன்றும் இருக்கிறது.

தங்குவதற்கு வெள்ளவத்தை நல்லது. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் அங்கேதான். அப்புறம், பகிடிவதை (ராகிங்) 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பொறுத்துப்போகத் தேவையில்லை, முதல் நாளே முறையிடட்டும்.