வண்டிக் கேள்விகள்: பிக்கப்புக்குப் பின்னால் நான்கு டயர் போடலாமா?

கேள்வி: அண்ணே, பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து தேக்கா கடைகளுக்கு வாழை இலையும் இளநீரும் ஏற்றிப் போகிறேன். வண்டி ஹைலக்ஸ் பிக்கப். தைப்பூச நேரத்தில் சரக்கு கூடினால் பின்பக்கம் அமுங்கி, மூக்கு மேலே தூக்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் இதே மாதிரிச் சின்ன பிக்கப்புக்குப் பின்னால் நான்கு டயர் போட்ட படங்களைப் பார்த்தேன். ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கிற தடித்த வளையம்) வைத்து வெளிப்பக்கம் பக்கத்துக்கொரு டயர் சேர்த்துத் தருவதாகத் தெரிந்த ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
– இலை வியாபாரி, பொங்கோல்

பதில்: தம்பி, செய்யாதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது.

உங்கள் வண்டியில் பின் சக்கரம் நேராக ஆக்ஸில் ஷாஃப்டின் (சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டு) நுனியில் மாட்டியிருக்கிறது. பேரிங் ஒன்றுதான், ஷாஃப்டை மூடியிருக்கும் ஹவுசிங் குழாயின் வாயில் இருக்கிறது. ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்றவும் வேண்டும், வண்டியின் எடையைத் தாங்கவும் வேண்டும். பெரிய லாரியில் அப்படி இல்லை. அங்கே சக்கரம் மாட்டுகிற ஹப் இரண்டு பேரிங்கில் ஹவுசிங் குழாயின் மேலேயே உட்கார்ந்திருக்கும். எடை முழுவதும் குழாய்க்குப் போய்விடும், ஷாஃப்டுக்குச் சுழற்றுகிற வேலை மட்டும்தான். சக்கரத்தைக் கழற்றாமலே ஷாஃப்டை உருவி எடுத்துவிடலாம்.

ஸ்பேசர் வைத்து வெளியே ஒரு டயர் சேர்த்தால், எடை விழுகிற இடம் பேரிங்கிலிருந்து தள்ளிப் போகிறது. இளநீர்க் குலையை உடம்போடு அணைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாலையோரக் கல்லில் வெளி டயர் மட்டும் ஏறினால், அந்தப் பக்கத்து எடை அத்தனையும் அந்த நீட்டிய கையில்தான்.

சில வருடங்களுக்கு முன்பு இப்படி மாற்றிய ஒரு பிக்கப்பை இழுவை வண்டியில் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். மெதுவாகத் திரும்பும்போது இடது பின் சக்கரம் இரண்டும் பிரேக் டிரம்மோடு சேர்ந்து கழன்று ஓடிவிட்டன. யாருக்கும் அடியில்லை, கடவுள் புண்ணியம். உடைந்த ஷாஃப்டைத் துடைத்துப் பார்த்தேன். வட்டத்தில் பாதிக்கு மேல் துருவேறி வழுவழுப்பாக, மரத்தை அறுத்தால் தெரிகிற வளையம் மாதிரிக் கோடு கோடாக இருந்தது. மீதி மட்டும் புது உடைசல், சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று. அதாவது விரிசல் மாதக்கணக்கில் உள்ளே நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஓட்டியவருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

நீங்கள் பார்த்த அமெரிக்கப் படங்களும் பொய்யில்லை. 1970களின் கடைசியிலும் 80களிலும் டொயோட்டா பிக்கப்பின் மேல் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த வீட்டு வண்டி கட்டினார்கள். டால்ஃபின், சன்ரேடர் என்று பல பெயர்களில் வந்தன. ஆரம்பத்தில் பலவற்றுக்கு ஐந்து ஸ்டட் (சக்கரத்தை மாட்டும் திருகாணி) உள்ள சாதாரண ஆக்ஸில்தான். அதிலேயே இரட்டை டயர் மாட்டியதும் உண்டு. ஷாஃப்ட் உடைந்து சக்கரம் கழன்ற பிறகு, ஆறு ஸ்டட் உள்ள, ஒரு டன் வண்டிக்கான ஆக்ஸில் வந்தது. அது நான் சொன்ன பெரிய லாரி வகை. ஆனால் ஸ்டட்டை எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். இன்றைய ஹைலக்ஸுக்கும் ஆறு ஸ்டட்தான், ஆனால் எடையை ஷாஃப்டே தாங்குகிற ஆக்ஸில்தான். ரிம்மின் நடுவில் ஹப் உருளையாக வெளியே நீட்டிக்கொண்டு, அதன் முகத்தில் வட்டமாகச் சின்ன போல்ட்டுகள் இருந்தால்தான் கனரக வகை.

அப்புறம் இங்கே சிங்கப்பூரில் சட்டமும் இருக்கிறது. டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டக்கூடாது. எத்தனை டயர் போட்டாலும் வண்டியில் எழுதியிருக்கும் எம்.எல்.டபிள்யூ. எண் (சரக்கோடு வண்டி இருக்கலாம் என்ற உச்ச எடை) மாறாது. அதிலிருந்து யு.எல்.டபிள்யூ. எண்ணை (காலி வண்டியின் எடை) கழியுங்கள், மிஞ்சுவதில்தான் சரக்கு, நீங்கள், உதவிக்கு வரும் பையன் எல்லாம். ஒரு குலை இளநீரையும் ஈரமான ஒரு கட்டு இலையையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். கமான் பட்டையில் (பின்பக்க அடுக்கு ஸ்பிரிங்) ஒரு பட்டை கூட்டினால் மூக்கு தூக்குவது நிற்கும், அவ்வளவுதான். ஆக்ஸிலுக்குப் பலம் கூடாது. தைப்பூசத்துக்கு இரண்டு நடை போங்கள். வருடம் முழுக்க இந்தச் சரக்கு என்றால், தொழிற்சாலையிலேயே இரட்டை டயரோடு வரும் பத்தடி (தளத்தின் நீளம்) லாரிக்கு மாறுங்கள்.

கேள்வி: அந்தப் பத்தடி லாரிகள் சிலவற்றில் பின் டயர் மட்டும் ஏன் பொம்மை வண்டி டயர் மாதிரி இருக்கிறது?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: தளத்தைத் தாழ்வாக வைக்கத்தான். கியா கே2500 மாதிரி வண்டியில் முன்னால் 15 அங்குல ரிம் இருந்தால் பின்னால் அதைவிடச் சின்ன ரிம். சின்ன டயர் ஒன்று அந்த எடையைத் தாங்காது, ஆகவே பக்கத்துக்கு இரண்டு. நாள் முழுக்கப் பெட்டி ஏற்றி இறக்குகிறவரின் இடுப்புக்கு அந்த உயரக் குறைவு பெரிய உதவி.

கேள்வி: இரட்டை டயரில் ஒன்று வெடித்தால் அதை மட்டும் மாற்றலாமா?
– லாரி ஓட்டுநர், ஜூரோங்

பதில்: மற்றது பாதி தேய்ந்திருந்தால் வேண்டாம். புதியது உயரமாக இருக்கும், எடையை அதுவே வாங்கும். ஜோடியாக மாற்றுங்கள். டயரின் பக்கத்தில் 104/102 என்று இருந்தால், தனியாக 900 கிலோ, ஜோடியில் ஒவ்வொன்றும் 850 கிலோ என்று அர்த்தம். உள் டயரின் காற்றைப் பார்க்க வால்வுக்கு நீட்டுக்குழாய் போடுங்கள். இரண்டு டயருக்கும் நடுவே கல் மாட்டியிருக்கிறதா என்று தினமும் டார்ச் அடித்துப் பாருங்கள். டயர் மாற்றி முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.