புது க்ளோஸ்டு-பேக் ஹெட்ஃபோன்: முதல் நாள் காது சொல்வதை நம்பலாமா?

உயர்ரக க்ளோஸ்டு-பேக் ஹெட்ஃபோனை (கப்பின் பின்பக்கம் மூடியிருக்கும் வகை) முதன்முறை மாட்டிக் கேட்டபோது எழுந்த சந்தேகங்களைப் பல வாசகர்கள் எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: முதல் நாள் பேஸ் (தாழ்ந்த ஒலி) வெறுமையாகவும் ட்ரெபிள் (உச்ச ஒலி) காதைக் குத்துவதாகவும் இருந்தது. மூன்றாம் நாள் தானாகச் சரியாகிவிட்டது. நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் டிரைவர் (ஒலியை எழுப்பும் பாகம்) பழகும் என்கிறார்களே, அதுதான் காரணமா?

டிரைவர் பழகியதைவிட பேட் (காதைச் சுற்றி உட்காரும் மெத்தை) பழகியதுதான் அதிகம். அதற்கு அடுத்தபடி, உங்கள் காது பழகியிருக்கிறது. டிரைவரின் சவ்வு ஆரம்பத்தில் கொஞ்சம் தளர்வது உண்மை. ஆனால் அதனால் வரும் மாற்றம், ஹெட்ஃபோனைக் கழற்றி மீண்டும் மாட்டும்போது உட்காரும் இடம் மாறுவதால் வரும் மாற்றத்தைவிடச் சிறியது.

க்ளோஸ்டு-பேக்கில் ஆழ்ந்த பேஸ் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். 30 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 மீட்டருக்கும் மேல். பேடுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் இடமோ சில சென்டிமீட்டர். அவ்வளவு சின்ன இடத்தில் அலை ஓடுவதில்லை. அடைபட்ட காற்றின் அழுத்தம் ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். எங்காவது மயிரிழை இடைவெளி இருந்தாலும் அழுத்தம் அதன் வழியே வெளியேறிவிடும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 10 டெசிபல் வரைகூடக் காணாமல் போகலாம். மிட்டும் (நடுத்தர ஒலி) ட்ரெபிளும் அப்படியே இருப்பதால் அவை துருத்திக்கொண்டு தெரியும். ட்ரெபிள் கூடிவிட்டதாகத் தோன்றுவது இதனால்தான்.

கசிவு வரும் இடங்கள் மூன்று: மூக்குக் கண்ணாடியின் காம்பு, பேடுக்கு அடியில் சிக்கிய முடி, காது மடலுக்குக் கீழே தாடை முடியும் இடத்தில் உள்ள பள்ளம். மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. ஹெட்பேண்டை ஒரு படி அதிகம் இறக்கிவிட்டால் கப்பின் (காதை மூடும் கிண்ணம்) அடிப்பாகம் தூக்கிக்கொண்டு அந்தப் பள்ளம் திறந்துவிடும்.

சோதனை எளிது. 30 ஹெர்ட்ஸ் சைன் டோனை (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள ஒலி) மெதுவான ஒலியில் ஓடவிடுங்கள். இரண்டு கப்பையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று பெருத்தால் கசிவு இருக்கிறது. பிறகு ஒவ்வொரு பக்கமாக அழுத்தி எது என்று கண்டுபிடியுங்கள். முடியை ஒதுக்கி, ஹெட்பேண்டை ஒரு படி ஏற்றி, கண்ணாடியைக் கழற்றி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். கண்ணாடிதான் காரணம் என்று தெரிந்தால், மெல்லிய உலோகக் காம்புள்ள கண்ணாடி பெரிய அளவில் உதவும். தடித்த பிளாஸ்டிக் காம்போடு எந்த க்ளோஸ்டு-பேக்கையும் மதிப்பிடாதீர்கள். உங்கள் குறிப்பு முழுவதும் கசிவைப் பற்றிய குறிப்பாகிவிடும்.

மெமரி ஃபோம் பேடுகள் உடல் சூட்டில் இளகி முகத்தின் வடிவத்துக்கு வரப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அதுவரை காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தூரமும் மாறிக்கொண்டே இருக்கும். எனவே மாட்டியவுடன் கேட்கும் முதல் பாட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: பழைய ஓப்பன்-பேக்கையும் (கப்பின் பின்பக்கம் திறந்திருக்கும் வகை) புது க்ளோஸ்டு-பேக்கையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். பகலில் புதியதில் நுணுக்கம் கூடுதலாகத் தெரிந்தது. நள்ளிரவில் கேட்டால் அந்த வித்தியாசத்தில் பாதிகூட இல்லை. ஏன்?

நல்ல கவனிப்பு. பகலில் மின்விசிறி, தெருச் சத்தம், பக்கத்து அறைப் பேச்சு எல்லாம் ஓப்பன்-பேக்கின் வழியே உள்ளே வந்து, குரல் அடங்கிய பின் மிஞ்சும் எதிரொலி போன்ற மெல்லிய ஒலிகளை மூடிவிடுகின்றன. க்ளோஸ்டு-பேக் அவற்றைத் தடுப்பதால் எதிரொலி கடைசி வரை காதில் விழுகிறது. நள்ளிரவில் அறையே அமைதியாகிவிடுவதால் ஓப்பன்-பேக்கும் சமமாகிவிடுகிறது. ஆக, பகலில் நீங்கள் கேட்டது கப்பின் திறமை, டிரைவரின் திறமை அல்ல. கிடைத்த பயன் நிஜம்தான். ஆனால் டிரைவருக்கு மதிப்பெண் போடுவதானால் நள்ளிரவில் போடுங்கள்.

இன்னொன்று, இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலித்தனவா? ஒரு டெசிபல் கூடினாலே அதைச் சத்தம் என்று காது சொல்லாது. தெளிவு, துடிப்பு, நெருக்கம் என்று வேறு பெயர் வைக்கும். ஒலியைச் சமன்படுத்த ஒரு வழி: தடித்த அட்டையில் போனின் மைக் அளவுக்கு ஓட்டை போட்டு, மைக்கை அதில் பொருத்தி, சுற்றிலும் டேப் ஒட்டி அடையுங்கள். ஹெட்ஃபோனின் ஒரு பேடை அட்டைமேல் இடைவெளி இல்லாமல் வையுங்கள். 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் உள்ள இரைச்சல் ஒலியை ஓடவிட்டு, ஒலி அளக்கும் செயலியில் எண்ணைக் குறியுங்கள். மூன்று முறை எடுத்து வைத்துச் சராசரி பாருங்கள். அடுத்த ஹெட்ஃபோனுக்கும் அதே எண் வரும்வரை வால்யூமைத் திருகி, அந்த வால்யூம் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். செயலி காட்டும் எண் தன்னளவில் தவறாக இருக்கலாம்; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டும். எல்லா அதிர்வெண்ணும் கலந்த முழு பிங்க் நாய்ஸ் இரைச்சல் வேண்டாம். பேஸ் அதிகமுள்ள ஹெட்ஃபோனில் எண் ஏறி, அதன் குரல் பகுதியைத் தேவையில்லாமல் குறைத்துவிடுவீர்கள்.

கேள்வி: போனோடு வந்த சின்ன டாங்கிள் (ஹெட்ஃபோனைப் போனில் இணைக்கும் துண்டு) போதுமா, தனி ஆம்ப் (ஒலிபெருக்கும் கருவி) வேண்டுமா? இடது வலது இரண்டுக்கும் தனித்தனி இணைப்புள்ள பேலன்ஸ்டு 4.4 மில்லிமீட்டர் கேபிளில் ஒலி "உயிர்பெறுகிறது" என்கிறார்களே?

உயிர்பெறுவது பெரும்பாலும் வால்யூம். பேலன்ஸ்டு வெளியீடு பல ஆம்புகளில் இரு மடங்கு வோல்ட்டேஜ் தரும். அதாவது 6 டெசிபல் கூடுதல். வால்யூமைச் சமன்படுத்திய பின்னும் வித்தியாசம் கேட்கிறதா என்று பாருங்கள்.

ஆம்ப் வேண்டுமா என்பதற்கு விலையைப் பார்க்காதீர்கள், கணக்கைப் பாருங்கள். இசையின் உச்சத் தருணங்களுக்கு 110 டெசிபல் வைத்துக்கொண்டால் தாராளம். 35 ஓம் இம்பீடன்ஸ் (மின்தடை), ஒரு மில்லிவாட்டுக்கு 106 டெசிபல் என்று குறிப்பிடப்பட்ட டைனமிக் ஹெட்ஃபோனுக்கு (கம்பிச்சுருள் சவ்வை அசைக்கும் வகை) அதை எட்ட 2.5 மில்லிவாட், அதாவது சுமார் 0.3 வோல்ட் போதும். ஒரு வோல்ட் தரும் டாங்கிளே மிஞ்சும். 23 ஓம், 87 டெசிபல் உள்ள பிளானருக்கோ (மெல்லிய சவ்வின் மேலேயே கடத்தி பதிந்த வகை) 200 மில்லிவாட் வேண்டும், 2.1 வோல்ட்டுக்கு மேல், 93 மில்லி ஆம்பியர். அதே ஒரு வோல்ட் டாங்கிள் இங்கே, மின்னோட்டத்தில் தடுமாறாவிட்டாலும், 103 டெசிபலோடு நின்றுவிடும். இரண்டும் உயர்ரகம்தான், தேவை எண்பது மடங்கு வேறு. அட்டவணையில் சென்சிட்டிவிட்டி (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) மில்லிவாட்டுக்கா வோல்ட்டுக்கா என்று முதலில் பாருங்கள். 32 ஓமில் இரண்டுக்கும் 15 டெசிபல் வித்தியாசம், 300 ஓமில் 5.

ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸும் முக்கியம், குறிப்பாக டைனமிக் டிரைவருக்கு. அது ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். 24 ஓமுக்கு 3 ஓம். காரணம் இது: டைனமிக் டிரைவரின் இம்பீடன்ஸ் பேஸ் பகுதியில் ஓரிடத்தில் மேடாக எழும். 24 ஓம் ஹெட்ஃபோன் அங்கே 50 ஓம் காட்டுகிறது என்று வையுங்கள். 10 ஓம் வெளியீடுள்ள ஆம்பில் மாட்டினால் அந்த இடத்தில் மட்டும் சுமார் 1.4 டெசிபல் கூடிவிடும். "இந்த ஆம்பில் பேஸ் கதகதப்பாக இருக்கிறது" என்று எழுதப்படுபவற்றில் இது கணிசம். பிளானரின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒன்றேதான் என்பதால் சத்தம் மட்டும் குறையும், குணம் மாறாது.

கேள்வி: எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் குரல் மட்டும் பெட்டிக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) போட்டால் சரியாகுமா?

பாதி வாய்ப்பு. "பெட்டிக் குரல்" என்று சொல்லப்படுவதில் இரண்டு வெவ்வேறு குறைகள் கலந்திருக்கின்றன. ஒன்று 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை தேவைக்கு மேல் தடித்திருப்பது. இது வெறும் சமநிலைக் கோளாறு. மற்றது கப்புக்குள் ஒலி மோதித் திரும்புவது. சவ்வு முன்பக்கம் தள்ளும் அதே அளவு ஒலியைப் பின்பக்கமும் தள்ளுகிறது. ஓப்பன்-பேக்கில் அது வெளியே போய்விடும். இங்கே போக இடமில்லாமல் கப்பின் சுவரில் மோதி, சவ்வு வழியே சற்றுத் தாமதமாகக் காதுக்கு வருகிறது. உள்ளே 4 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 4300 ஹெர்ட்ஸ் வாக்கில் நிலை அலை (மோதித் திரும்பி ஓரிடத்திலேயே நிற்கும் அலை) உருவாகும். அது குரலின் விளிம்பும் வயலினின் உரசலும் இருக்கும் இடம்.

உயர்ரக க்ளோஸ்டு-பேக்குகளின் பொறியியலில் பெரும்பகுதி இந்தப் பின்பக்க அலையோடு மல்லுக்கட்டுவதுதான். 2016-இல் வந்த சோனி எம்டிஆர்-இசட்1ஆர் காகிதக் கூழ் இழைகளால் ஆன கப்பை நம்பியது. 2018-இல் சென்ஹைசர் எச்டி 820 குழிந்த கண்ணாடியை வைத்து எதிரொலியை ஓரங்களுக்குத் திருப்பிவிட்டது. 2021-இல் டான் கிளார்க் ஆடியோவின் ஸ்டெல்த், சவ்வுக்கும் காதுக்கும் நடுவே மெட்டாமெட்டீரியல் (நுண்ணிய கட்டமைப்பால் ஒலியைக் கட்டுப்படுத்தும் பொருள்) தகடு ஒன்றை வைத்து உயர் அதிர்வெண் நிலை அலைகளை உறிஞ்ச முயன்றது. எல்லாமே வெவ்வேறு சமரசங்கள். விலையைக் கொடுத்துவிட்டதால் கப் மறைந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

உங்களுடையது எந்த வகை என்று பார்க்க, 250 ஹெர்ட்ஸில் கியூ (மாற்றம் பரவும் அகலத்தைக் குறிக்கும் எண்) 1 வைத்து 3 டெசிபல் குறையுங்கள். பெட்டி திறந்துகொண்டால் அது சமநிலைக் கோளாறு. அந்த ஈக்யூவோடு நிம்மதியாகக் கேட்கலாம். தடிப்பு போன பிறகும் குரலுக்குப் பின்னால் தகரத்தைத் தட்டியது போன்ற வால் நீண்டால் அது மோதல். 2 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சைன் ஸ்வீப்பை மெல்லிய ஒலியில் ஓட்டுங்கள். எங்காவது குறுகிய இடத்தில் ஒலி விழுந்து மீண்டும் எழுகிறதா என்று கேளுங்கள். அந்தப் பள்ளத்தை ஈக்யூவால் தூக்க முயலாதீர்கள். நேரொலியும் திரும்பிய ஒலியும் ஒன்றையொன்று அழிக்கும் இடம் அது. 6 டெசிபல் ஏற்றினால் அழிவும் 6 டெசிபல் ஏறும், டிரைவரின் திரிபுதான் மிச்சம். மேட்டைக் குறைப்பது பலன் தரும்.

பேஸ் போதவில்லை என்றால் 105 ஹெர்ட்ஸ் லோ ஷெல்ஃபில் (அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றும் ஈக்யூ வகை) கியூ 0.7, கூடுதல் 4 டெசிபல் வையுங்கள். ஈக்யூவின் ஒட்டுமொத்த ஒலி அளவான ப்ரீஆம்பை மறக்காமல் 4 டெசிபல் கீழே இறக்குங்கள், இல்லையேல் உச்சங்கள் வெட்டுப்படும். ஆனால் கசிவை அடைத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். கசியும் பேடுக்கு ஈக்யூ போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

கேள்வி: ஒரு மணி நேரம் மட்டும் கேட்கக் கிடைக்கிறது. எப்படிக் கேட்டுக் குறிப்பெழுதுவது?

நன்கு பழகிய ஐந்து பதிவுகள் போதும். புதுப் பதிவு ஒன்றுகூட வேண்டாம். முதலில் இரு காதிலும் ஒரே ஒலி வரும் மோனோ குரல் பதிவு ஒன்று. குரல் நட்ட நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், கழற்றும் கேபிள் என்றால் இடது வலது பிளக்குகளை மாற்றிச் செருகுங்கள். சாய்வு மறுபக்கம் போனால் கேபிள் அல்லது ஆம்ப். அதே பக்கம் நின்றால் கப், பேட் அல்லது உங்கள் காது. அடுத்து, பேஸ் கிட்டாரின் அடி ஈ நரம்பு வரும் பதிவு. அது 41 ஹெர்ட்ஸ். சத்தம் வருகிறதா என்பதைவிட, ஒவ்வொரு மீட்டலும் தனியாக நின்று முடிகிறதா என்று கேளுங்கள். மிருதங்கம் பழகிய காதாக இருந்தால், தொப்பியின் கும்காரம் வளைந்து ஏறுவது அதைவிட நல்ல சோதனை. மூன்றாவது, "ஸ" ஒலி நிறைந்த பெண் குரல். 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் மிகை இருந்தால் இங்கே பிடிபடும். நான்காவது, அடர்த்தியான கூட்டிசை. ஐந்தாவது, உங்களுக்குப் பிடித்த ஏதாவது, பேனாவைக் கீழே வைத்துவிட்டு.

முதல் பதினைந்து நிமிடம் எழுதாதீர்கள். பிறகு முப்பது நிமிடம் புது ஹெட்ஃபோனில் மட்டும் கேளுங்கள். அதன்பின் உங்கள் பழைய ஹெட்ஃபோனுக்குத் திரும்புங்கள். திரும்பிய முதல் நிமிடத்தில் எது குறைகிறது, எது உறுத்துகிறது என்று காது சொல்லுமே, அதுதான் எழுத வேண்டிய குறிப்பு. "விரிந்த மேடை" என்று எழுதுவதற்குப் பதில், பின்னணிக் குரல் காதுக்கு வெளியே எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று எழுதினால் படிப்பவருக்குப் பயன்படும்.

கேள்வி: க்ளோஸ்டு-பேக் என்பதால் மெதுவாகவே கேட்கிறோம், காதுக்குப் பாதுகாப்புதானே?

மெதுவாகக் கேட்டால் மட்டும். பேருந்து உறுமல் போன்ற தாழ்ந்த ஒலிகளை இவை அதிகம் தடுப்பதில்லை, அதனால் பயணத்தில் வால்யூம் ஏறத்தான் செய்கிறது. உலக சுகாதார அமைப்பின் வரையறை வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள்.

கேள்வி: பிளானர் க்ளோஸ்டு-பேக் மாட்டும்போது மெல்லிய தாள் கசங்கும் சத்தம் வருகிறது. பழுதா?

மாட்டும்போதும் கழற்றும்போதும் மட்டும் வந்தால் பழுதல்ல. அடைபட்ட காற்று மெல்லிய சவ்வைத் தள்ளும் சத்தம் அது. கப்பைத் தலையில் அறையாமல், அடிப்பக்கம் முதலில் பட, சாய்த்து மெதுவாக மாட்டுங்கள். அழுத்தித் தட்டிப் பார்ப்பதும் வேண்டாம், சவ்வு மடிந்துவிடும். இசை ஓடும்போது, குறிப்பாக 40 முதல் 100 ஹெர்ட்ஸ் ஸ்வீப்பில், ஒரே பக்கம் ரீங்காரம் கேட்டால் பேடைக் கழற்றிப் பாருங்கள். பல நேரம் சவ்வில் ஒரு தலைமுடி உரசிக்கொண்டிருக்கும். அது இல்லாமலும் ரீங்காரம் வந்தால், திருப்பி அனுப்பும் தவணை முடிவதற்குள் பெட்டியில் போட்டுவிடுங்கள்.