ஆயில் முள் இறங்கினால் எத்தனை நிமிஷம்?

கேள்வி: இரவில் பறந்த ஒற்றை என்ஜின் விமானம் ஒன்று, என்ஜின் ஆயில் ஒழுகிப்போய் கீழே விழுந்ததாகப் படித்தேன். பெட்ரோல் தீர்ந்தால் நிற்கும், சரி. ஆயில் போனதற்கா விமானம் விழும்? பைலட்டுக்கு முன்கூட்டியே தெரியாதா?

பதில்: விழும். பெட்ரோல் தீர்ந்த என்ஜினாவது முழுசாக இருக்கும், ஆயில் போன என்ஜின் தன்னையே அரைத்துக்கொண்டுவிடும். நாலு பேர் உட்காரும் ஒற்றை என்ஜின் குட்டி விமானமான செஸ்னா 172எஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆயில் தொட்டி கொள்வது 8 குவார்ட், அதாவது ஏழரை லிட்டர் சொச்சம். 5 குவார்ட்டுக்குக் கீழே இருந்தால் கிளம்பவே கூடாது. ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டுக்கும், அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்பது இந்த ஆயில்தான். இந்த என்ஜினில் ரேடியேட்டர் தண்ணீர் கிடையாது, காற்றும் ஆயிலும்தான் சூட்டை வெளியே கொண்டுபோக வேண்டும். படலம் அறுந்தால் இரும்போடு இரும்பு உரசும், பேரிங் உருகும், அப்புறம் பிஸ்டனை அந்தத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் முறிந்து என்ஜின் கூட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

தெரியாதா என்றால், தெரியும். ஆனால் பகலில் தெரிகிற மாதிரி இல்லை. பகலில் என்ஜின் மூடியில் ஆயில் கோடு கோடாக வழிவதும் புகையும் கண்ணில் படும். இரவில் அதெல்லாம் இருட்டோடு இருட்டு. முக்கியமாக நம்ப வேண்டியது ஆயில் பிரஷர் முள்ளைத்தான். 50க்கும் 90க்கும் நடுவே பச்சைக் கோட்டில் நிற்க வேண்டிய முள் 20ஐ நோக்கி இறங்கும். கூடவே ஆயில் சூடு காட்டும் முள் ஏறினால் சந்தேகமே வேண்டாம். சிக்கல் என்னவென்றால், ஆயில் முழுக்கப் போய்விட்டால் சென்சாரைத் தொட ஆயிலே இருக்காது, அதனால் சூட்டு முள் ஏறாமலே இருந்துவிடலாம். அதைப் பார்த்துவிட்டு ‘பிரஷர் மீட்டர்தான் கோளாறு போல’ என்று மனசைத் தேற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கக் கூடாது. மீட்டர் பொய் சொல்கிறதா என்பதைத் தரையிறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: என்ஜின் நின்றால் கல் மாதிரி விழுந்துவிடுமா?

பதில்: இல்லை, சறுக்கிக்கொண்டே இறங்கும். காற்று இல்லாத நேரத்தில் இந்த விமானம் ஒரு பங்கு உயரத்தை இழந்து ஏறத்தாழ 9 பங்கு தூரம் போகும். தரையிலிருந்து 5,000 அடியில் என்ஜின் நின்றால் 13 கிலோமீட்டர், ஆறேழு நிமிஷம். பகலில் அதற்குள் ஒரு வயலைத் தேடிப் பிடித்துவிடலாம். இரவில் கீழே தெரியும் கறுப்பு காடா, ஏரியா, மலைச்சரிவா என்று யாருக்குத் தெரியும்? விளக்கு எரிகிற சாலையில் இறங்கலாம் என்றால் வண்டிகள், குறுக்கே போகும் மின்கம்பிகள். லேண்டிங் லைட் கடைசிச் சில நொடிகளைத்தான் காட்டும்.

அதனால்தான் முள் இறங்கும்போதே, என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து ஓடுபாதைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். ரேடியோவில் ‘மேடே’ என்று ஆபத்துக் குரல் கொடுங்கள், பேச யாரும் கிடைக்காவிட்டால் அவசர அலைவரிசையான 121.5, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசர எண்ணான 7700. ஓடுபாதை எட்டாது என்று தெரிந்துவிட்டால் மூக்கைத் தூக்கி இழுத்துப் பார்க்கக் கூடாது. வேகம் குறைந்து இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும், விமானம் தலைகுப்புறப் போகும். மட்டமாக, கட்டுப்பாட்டோடு, குறைந்த வேகத்தில் தரையைத் தொட்டால் பிழைக்க வழி உண்டு. வேகம் பாதியானால் மோதலின் சக்தி கால்வாசியாகிவிடும். தோள்பட்டை பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, கதவு நசுங்கிச் சிக்கிக்கொள்ளாதபடி தொடுவதற்கு முன்பே தாழ்ப்பாளை விடுவித்துவிட வேண்டும்.

கேள்வி: ஆயில் எப்படி ஒழுகுகிறது?

பதில்: பல நேரம் தரையிலேயே ஆரம்பிக்கிற விஷயம். ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் கேஸ்கெட் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதைக் கவனிக்காமல் புதியதை மேலே வைத்து முறுக்கிவிடுவார்கள். வெடித்த ஹோஸ், சரியாக மூடாத ஆயில் மூடி, இவையும் உண்டு. ஆயில் மாற்றியபின் என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி, நிறுத்தி, டார்ச் அடித்து ஃபில்டரின் அடியில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். விரல் ஈரமானால் அன்று பறக்க வேண்டாம்.

கேள்வி: பறக்கும்போதே ஆயில் ஊற்ற முடியாதா?

பதில்: ஒருவர் ஊற்றியிருக்கிறார்! 1935 மே மாதம், ஆஸ்திரேலிய விமானி சார்ல்ஸ் கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித்தின் மூன்று என்ஜின் விமானமான ‘சதர்ன் கிராஸ்’ தபாலோடு ஆஸ்திரேலியாவிலிருந்து நியூசிலாந்து நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நடு என்ஜினின் புகைக்குழாய்த் துண்டு பிய்ந்து வலது ப்ரொப்பெல்லரில் அடிக்க, வலது என்ஜினை நிறுத்த வேண்டியதாயிற்று. திரும்பி வரும் வழியில் இடது என்ஜினில் ஆயில் குறையத் தொடங்கியது. கீழே டாஸ்மன் கடல். உடன் வந்த பி. ஜி. டெய்லர், கேபினுக்கு வெளியே கம்பியைப் பற்றி ஊர்ந்து போய், நின்றுபோன என்ஜினிலிருந்து ஒரு தெர்மாஸ் ஃபிளாஸ்க்கில் ஆயிலைப் பிடித்து வந்தார். அதையே மறுபக்கம் ஊர்ந்து போய் இடது என்ஜினில் ஊற்றினார். இப்படி ஆறு முறை. விமானம் சிட்னிக்குத் திரும்பிவிட்டது. நீங்கள் படித்த பைலட்டுக்கு இருந்தது ஒரே என்ஜின், வேறு எங்கிருந்தும் ஆயில் எடுக்க வழியில்லை.