கையெழுத்துக்கு முன் பாலிசியைப் பக்கத்தில் வையுங்கள்

கேள்வி: சிறிய அளவில் ஏ.சி. பொருத்திப் பராமரிக்கும் தொழில் செய்கிறேன். ஓர் அலுவலகக் கட்டடத்தில் மூன்று வருட வேலை கிடைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் 'காப்பீடு' என்று ஒன்றரைப் பக்கம் வருகிறது. என்னிடம் பாலிசி இருக்கிறது. சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் போதும் என்கிறார் நண்பர். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இன்றைக்கு வேண்டாம். வேலை கிடைத்த சந்தோஷத்தில் அந்த ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பல வருடங்களாகக் காப்பீட்டு ஏஜென்டாக இருக்கிறேன். சிறு தொழில் செய்பவர்கள் அதிகம் அடிபடுவதை அங்கேதான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் நண்பர் சொல்லும் சான்றிதழ், பாலிசி இருக்கிறது என்பதற்கான அத்தாட்சி மட்டும்தான். பாலிசியில் இல்லாத ஒன்றை அது கொண்டுவந்துவிடாது. என்னிடம் பாலிசி எடுத்திருந்த குழாய் வேலைக்காரர் ஒருவர், கட்டட உரிமையாளரையும் தன் பாலிசியில் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சான்றிதழின் கீழே உரிமையாளர் பெயர் இருந்தது; அதுவே போதும் என்று நினைத்துவிட்டார். ஒருநாள் இரவு இணைப்பு விட்டு, கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். கிளெய்ம் போட்டபோது பாலிசியைப் புரட்டினால், உரிமையாளரைச் சேர்த்ததற்கான எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் செய்த மாற்றத்தை எழுதிச் சேர்க்கும் தாள், இல்லை. நீர்ச் சேதத்துக்குப் பணம் வந்தது. ஆனால் ஒப்பந்தத்தை மீறியதாக உரிமையாளர் தனியாகக் கேட்ட தொகைக்கு பாலிசியில் இடமில்லை. அதைக் குழாய் வேலைக்காரர் தன் கையிலிருந்துதான் கட்டினார். ஒப்பந்தம் எனக்கு வந்திருந்தால் ஒரே தாளில் முடிந்திருக்கும். இன்றும் அது எனக்கு மனக்குறைதான்.

அதனால் ஒப்பந்தத்தையும் பாலிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படியுங்கள். தொகையைப் பார்க்கும்போது 'ஒரு சம்பவத்துக்கு' எவ்வளவு, 'ஆண்டு முழுவதற்கும்' எவ்வளவு என்று தனித்தனியாகப் பாருங்கள். ஆண்டு வரம்பு உங்கள் எல்லா வேலைகளுக்கும் சேர்த்து இருந்தால், வேறொரு இடத்தில் நடந்த விபத்தே அதைத் தின்றுவிடலாம்.

அப்புறம், இழப்பீட்டுப் பிரிவு. அது வேறு பக்கத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள். 'எந்த நஷ்டமானாலும் ஒப்பந்ததாரர் ஏற்பார்' என்று எழுதியிருந்தால், கட்டட உரிமையாளரின் ஆள் செய்த தவறும் உங்கள் தலையில் விழும். ஒப்பந்தத்தின் மூலம் மட்டுமே நீங்களாக ஏற்றுக்கொண்ட பொறுப்பைப் பல பாலிசிகள் விலக்கிவிடுகின்றன. 'ஒப்பந்ததாரரின் கவனக்குறைவால் நேர்ந்த அளவுக்கு' என்று மாற்றித் தரும்படி கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. நியாயமான மனிதர்கள் மாற்றித் தருவார்கள்.

வேலையை முடித்துக் கொடுத்து ஆறு மாதம் கழித்துக் கசிவு வந்தால்? வேலை முடிந்த பின் நேரும் சேதத்துக்கும் பாலிசி உண்டா, எத்தனை வருடம் அதை வைத்திருக்கச் சொல்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

முழு ஒப்பந்தத்தையும் உங்கள் ஏஜென்டுக்கு அனுப்பி, எது இருக்கிறது, எது இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். சட்ட வாசகத்தை வக்கீல் ஒருவர் பார்த்தால் நல்லது. பிரீமியம் கூடுமானால், அதை உங்கள் விலையில் சேர்த்துக் கேட்க இதுதான் நேரம். பாலிசி புதுப்பிக்கும் தேதியையும் இப்போதே குறித்து வையுங்கள். வருடாந்திர பாலிசி என்றால், இந்த ஒப்பந்தம் முடிவதற்குள் அது ஒருமுறைக்கு மேல் வரும்.