செல்ஃப் சுத்துது, இன்ஜின் பிடிக்கலையா? இன்ஜெக்டரை அப்புறம் பாக்கலாம்

நண்பரே, ஸ்விஃப்ட் டீசலுக்கு செகண்ட் ஹேண்ட் இன்ஜின் இறக்கினதிலிருந்து செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா பிடிக்கலன்னு எழுதியிருக்கீங்க. மெக்கானிக், டீசலைப் பீச்சற இன்ஜெக்டர் மேல பழி போடறாராம். அவசரப்பட்டுக் காசைக் கொட்டாதீங்க.

சாவி போட்டதும் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) லைட் சிமிட்டுதா? இன்ஜினோட வந்த ஈசிஎம்மையே (இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) மாட்டியிருந்தா உங்க சாவியை அது ஏத்துக்காது. உங்க பழைய ஈசிஎம்மைத் திரும்பப் போடுங்க.

லைட் அணைஞ்சிடுதுன்னா ஸ்கேனர் மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் (இன்ஜின் சுத்தற வேகம்), ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போற டீசலோட அழுத்தம்) ரெண்டையும் பாருங்க. ஆர்பிஎம் பூஜ்யத்துலயே நின்னா இன்ஜின் சுத்தறதைக் கவனிக்கிற கிராங்க் சென்சார் பக்கம்தான் கோளாறு. எனக்கு ஒரு வண்டியில இதுக்கே ரெண்டு நாள் போச்சு. கடைசியில பாத்தா, அந்தச் சென்சார் வயர் பிராக்கெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல நசுங்கி, செம்பு பளிச்சுன்னு தெரியுது!

பிரஷர் சுமார் 200 பாரைத் தொடலைன்னா முதல் சந்தேகம் டீசல் லைன்ல காத்து. ஃபில்டர் பக்கத்துலயே காத்தை எடுங்க. இன்ஜெக்டர் நட்டை லூஸ் பண்ணிச் செல்ஃப் அடிக்கிற பழைய லாரி வித்தை இதுல வேண்டவே வேண்டாம், அந்தப் பிரஷர் தோலைக் கிழிச்சு உள்ள இறங்கிடும். காத்து எடுத்தும் ஏறலன்னாதான் இன்ஜெக்டர் ரிட்டர்னை (இன்ஜெக்டர்ல இருந்து திரும்பி வர்ற டீசலை) அளக்கணும்.

ஆர்பிஎம், ரெயில் பிரஷர் அந்த ரெண்டு எண்ணும் என்னன்னு சொல்லுங்க.